பெரிய டயருக்கு ஏற்ற ஆக்ஸில்: ஜீப் ராங்லர் டிஜே வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1997 முதல் 2006 வரை அமெரிக்காவில் விற்ற ராங்லருக்கு டிஜே என்று பெயர். கல்லும் பாறையுமான தடங்களில் ஓட்டுபவர்கள் இன்றும் தேடி வாங்கும் வண்டி இது. வாங்கிய சில மாதத்தில் டயர் சிறியதாகத் தெரியும். 33 போடலாமா, 35 போடலாமா என்று கேட்க ஆரம்பிப்பார்கள். அப்படி என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். என் வண்டியும் டிஜேதான். 35 இன்ச் டயர், பின்னால் ஃபோர்டு 8.8 ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் தாங்கிச் சுழற்றும் அச்சுத் தொகுதி).

டயரைத்தானே மாற்றுகிறேன், ஆக்ஸிலை ஏன் தொட வேண்டும்?

டயர் என்பது ஒரு நெம்புகோல். தரையில் டயர் பிடிக்கும் விசை ஒரு முனையில், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்ஸில் ஷாஃப்ட் மறுமுனையில். நடுவில் இருக்கும் தூரம் டயரின் ஆரம். 29 இன்ச் டயரைக் கழற்றி 35 போட்டால் அந்த ஆரம் சுமார் 21 சதவீதம் நீள்கிறது. வண்டியின் எடை, பாறையின் பிடிப்பு இரண்டும் அதேதான். ஆனால் ஷாஃப்ட் தாங்க வேண்டிய முறுக்கு விசை அதே 21 சதவீதம் ஏறிவிடுகிறது.

இது நிதானமாகப் போகும்போது உள்ள கணக்கு. உண்மையில் ஷாஃப்ட் உடைவது வேறு ஒரு கணத்தில். சக்கரம் காற்றிலோ சேற்றிலோ சுழன்றுகொண்டிருக்கும், திடீரென்று ஒரு கல்லில் பிடித்து நிற்கும். பெரிய டயருக்கு எடையும் அதிகம், அந்த எடை விளிம்பில் இருப்பதால் சுழலும் வேகத்தில் சேர்த்து வைத்த சக்தியும் அதிகம். அது மொத்தமும் ஒரே நொடியில் ஷாஃப்டுக்குள் இறங்கும். அதனால்தான் உயரமாக்கி டயர் மட்டும் மாற்றிய வண்டிகள் முதல் ஆறு மாதம் நன்றாக ஓடிவிட்டு, ஒரு நாள் ஏற்றத்தில் "டப்" என்று நின்றுபோகின்றன.

என் வண்டியில் எந்த ஆக்ஸில் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

டிஜேயில் முன்னால் டேனா 30 (டேனா என்பது ஆக்ஸில் தயாரிக்கும் நிறுவனம், எண் அதன் மாடல்). பின்னால் பெரும்பாலும் டேனா 35. சில வண்டிகளில் டேனா 44. 2003-இல் வந்த ரூபிக்கான் மாடலில் மட்டும் முன்னும் பின்னும் டேனா 44, இரண்டிலும் லாக்கர் (இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலப் பூட்டும் கருவி).

படுத்துப் பின் டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலின் நடுவில் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் கியர் கூடு) மூடியைப் பாருங்கள். முட்டை வடிவமாக இருந்தால் டேனா 35. முனைகள் ஒடிந்து பலகோணமாக இருந்தால் டேனா 44.

கியர் ரேஷியோ (எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் நீண்ட தண்டான ப்ரொபெல்லர் ஷாஃப்ட், சக்கரங்களின் ஒரு சுற்றுக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) எழுதிய தகடு மூடியின் போல்ட்டில் தொங்கும், ஆனால் பழைய வண்டிகளில் அது உதிர்ந்திருக்கும். அப்போது ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்றச் சக்கரங்களுக்கு முட்டு வைத்து, நியூட்ரலில் விடுங்கள். மறுபக்கச் சக்கரம் நிற்பதால், தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ப்ரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுவே ரேஷியோ. மூன்றே முக்காலுக்கு ஒரு துளி குறைவாக வந்தால் 3.73. லாக்கர் இல்லாத சாதாரண டிஃபரன்ஷியலுக்குத்தான் இந்த வழி.

எந்த அளவு டயர் வரைக்கும் எந்த ஆக்ஸில் தாங்கும்?

இதற்கு ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் உடைப்பதில் வலது காலுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் என் கணிப்பைச் சொல்கிறேன்.

31 வரை எதையும் தொட வேண்டாம். 33 என்றால் முன் பக்கத்துக்கு டேனா 30 போதும். பின்னால் டேனா 35, லாக்கர் இல்லாமல், நிதானமாக ஓட்டினால் பிழைக்கும். 35 என்று முடிவு செய்துவிட்டால் டேனா 35-ஐ வைத்துக்கொண்டு பாறைக்குப் போகாதீர்கள். டேனா 44 அல்லது ஃபோர்டு 8.8-க்கு மாறுங்கள். முன்னால் டேனா 30-இல் குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த வலுவான எஃகு) ஷாஃப்ட் போட்டு 35-உடன் பல வருடம் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். 37-க்கு மேல் போனால் டேனா 60 பற்றிப் பேசத்தான் வேண்டும்.

இந்த எண்களுக்கு என்ன பொருள்? பெரிய வித்தியாசம் இரண்டு இடத்தில். ஒன்று டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம்: டேனா 30-இல் 7.1 இன்ச் அளவு, டேனா 35-இல் 7.6, டேனா 44-இல் 8.5, ஃபோர்டு 8.8-இல் பெயரே சொல்கிறது, டேனா 60-இல் 9.75. இன்னொன்று ஷாஃப்டின் தடிமன். டேனா 35-இல் 27 ஸ்பிளைன் (ஷாஃப்ட் முனையில் வெட்டிய பற்கள்), சுமார் 1.18 இன்ச். டிஜேயின் பின் டேனா 44-இல் 30 ஸ்பிளைன், 1.31 இன்ச். டேனா 60-இல் 35 ஸ்பிளைன் ஷாஃப்ட் 1.5 இன்ச். பார்க்க ஒரு நகக்கண் அளவுதான் வித்தியாசம். ஆனால் முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். ஆகவே 1.18-க்கும் 1.31-க்கும் இடையே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வலிமை கூடுகிறது. 1.31-லிருந்து 1.5-க்குப் போனால் இன்னும் பாதி பங்கு கூடுகிறது.

டேனா 35 மேல் எனக்கு இன்னொரு கவலை உண்டு. அதன் ஷாஃப்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது சி வடிவத்தில் ஒரு சிறிய கிளிப். ஷாஃப்ட் நடுவில் முறிந்தால் வெளிப்பக்கத் துண்டை இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து வெளியே நழுவி வரும். டிரம் பிரேக் என்றால் தடையே கிடையாது. மலைச்சரிவில் இது பணச் செலவோடு முடியும் விஷயமல்ல, உயிர் விஷயம்.

கியர் ரேஷியோவையும் மாற்ற வேண்டுமா?

ஆமாம். ஆக்ஸிலைப் பலப்படுத்துவதைவிட இதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன். டயர் பெரிதானால் வண்டி ஒரு கியர் மேலே மாட்டிக்கொண்டது போல ஆகிவிடும். ஐந்தாவது கியர் நெடுஞ்சாலையில் பயன்படாது, ஏற்றத்தில் கிளட்ச் வேகும், ஆட்டோமேடிக் என்றால் எண்ணெய் கொதிக்கும்.

கணக்கு எளிது: பழைய ரேஷியோவைப் புதிய டயரின் உயரத்தால் பெருக்கி, பழைய டயரின் உயரத்தால் வகுங்கள். 30x9.50 (30 இன்ச் உயரம், 9.50 இன்ச் அகலம்) என்று விற்கும் டயரை அளந்தால் 30-க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். 29 என்று வைத்துக்கொள்வோம். 3.73 × 35 ÷ 29 = 4.50. கடையில் கிடைப்பது 4.56.

இன்னொரு விதமாகப் பாருங்கள். நேர் கியரில் (கியர்பாக்ஸ் 1:1) மணிக்கு 100 கிலோமீட்டர் போகும்போது 29 இன்ச் டயரும் 3.73-உம் இருந்தால் எஞ்சின் சுமார் 2,690 சுற்றில் ஓடும். 35 போட்டு ரேஷியோவை மாற்றாவிட்டால் 2,230-க்கு இறங்கிவிடும். 4.56 போட்டால் 2,720. கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிட்டீர்கள். கூடுதல் எடையையும் காற்றுத் தடையையும் சேர்த்துக்கொண்டு ஆட்டோமேடிக் வண்டிக்கு 4.88 போடுபவர்கள் அதிகம், நான் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

இங்கே ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. 3.73 என்பது 41 பல் கிரவுன், 11 பல் பினியன் (கிரவுனைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்). 4.56 என்றால் அதே 41 பல்லுக்குப் பினியனில் 9 பல்தான். 4.88-இல் 39-க்கு 8. பினியன் சிறுத்துக்கொண்டே போகிறது. டேனா 30 போன்ற சிறிய கூட்டுக்குள் இது இன்னும் அதிகமாகத் தெரியும். பெரிய கிரவுன் உள்ள ஆக்ஸிலைத் தேடுவதற்கு ஷாஃப்ட் மட்டும் காரணமல்ல, இதுவும் காரணம்.

முன்னும் பின்னும் ஒரே ரேஷியோவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கர இயக்கத்தில் போட்டவுடன் முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தன்னையே முறுக்கிக்கொள்ளும். அப்புறம், கியரை மட்டும் வாங்கினால் போதுமா என்று முன்கூட்டியே பாருங்கள். டேனா 30-இல் 3.54 வரைக்கும் ஒரு கேரியர் (கிரவுன் வீலைப் பூட்டும் கூடு), 3.73 முதல் வேறு கேரியர். டேனா 44-இல் அந்தப் பிரிவு 3.73-க்கும் 3.92-க்கும் நடுவில் வரும். பெட்டியைப் பிரித்த பிறகு கேரியர் பொருந்தாது என்று தெரிந்தால் வண்டி வாரக்கணக்கில் ஸ்டாண்டில் நிற்கும்.

குரோமோலி ஷாஃப்ட் மட்டும் போட்டால் போதாதா?

முன் ஆக்ஸிலுக்கு அது நல்ல செலவு. சாதாரண ஷாஃப்டைவிடத் தெளிவாக வலிமை கூடும், உடைவதற்கு முன் முறுகியும் கொடுக்கும். ஆனால் ஒன்றை யோசித்துவிட்டு வாங்குங்கள். ஆக்ஸில் ஒரு சங்கிலி. ஒரு கண்ணியைப் பலப்படுத்தினால் உடைப்பு அடுத்த கண்ணிக்கு நகரும், அவ்வளவுதான். ஷாஃப்ட் தாங்கினால் அதில் இருக்கும் திரும்பும் மூட்டான யூ-ஜாயின்ட் போகும். அதையும் பலப்படுத்தினால் கிரவுன், பினியன் பல் போகும்.

எது உடைய வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். முன் ஷாஃப்ட் உடைந்தால் தடத்திலேயே ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். கிரவுன் பல் உடைந்தால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. துண்டுகள் பேரிங்குக்குள் ஓடி, மொத்தக் கூடும் போய்விடும். அதனால் என் வண்டியில் யூ-ஜாயின்டைத்தான் வேண்டுமென்றே பலவீனமான கண்ணியாக விட்டிருக்கிறேன்.

டேனா 35-க்கும் 30 ஸ்பிளைன் ஷாஃப்டும் லாக்கரும் சேர்ந்த கிட்டுகள் உண்டு. ஷாஃப்ட் உண்மையிலேயே வலுவாகிறது. கிரவுனும் குழாயும் அதே பழையவைதான். 33-இலேயே நிற்கப் போகிறவருக்கு அது சரி. 35-க்குப் போகிறவர் அந்தக் காசை 8.8-இல் போடலாம்.

லாக்கர் போட்டால் ஆக்ஸிலுக்கு நல்லதா, கெடுதலா?

இரண்டும். சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் சம முறுக்குதான் கொடுக்கும். ஒரு சக்கரம் சுழன்றால் மறுபக்கத்துக்கும் அந்த அளவுதான் போகும். ஷாஃப்டுக்கு அதுவே ஒரு பாதுகாப்பு. லாக்கர் போட்டால் மொத்த முறுக்கும் ஒரே ஷாஃப்டில் போய் நிற்கலாம். இன்னொரு பக்கம், லாக்கர் இருந்தால் வேகம் எடுத்து மோதி ஏற வேண்டியதில்லை, மெதுவாக நடந்தே ஏறலாம். அதிர்ச்சி குறைகிறது. நிதானமாக ஓட்டுபவரின் வண்டியில் லாக்கர் ஆக்ஸிலைக் காப்பாற்றுகிறது என்றே நான் நினைக்கிறேன்.

முன் லாக்கரைப் போட்டுக்கொண்டு, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதீர்கள். யூ-ஜாயின்ட் முழுக் கோணத்தில் இருக்கும்போதுதான் மிகவும் பலவீனமாக இருக்கும். பெரும்பாலான முன் உடைப்புகள் அந்த நிலையில்தான் நடக்கின்றன.

எல்லோரும் ஏன் ஃபோர்டு 8.8 என்கிறார்கள்?

அது எக்ஸ்ப்ளோரர் வண்டியின் பின் ஆக்ஸில். அமெரிக்காவில் 1990-களில் அந்த வண்டி லட்சக்கணக்கில் விற்றது, அதனால் பழைய வண்டி உடைக்கும் யார்டுகளில் இன்றும் கிடைக்கிறது. 31 ஸ்பிளைன் ஷாஃப்ட், டேனா 44-க்கு எந்த விதத்திலும் குறைவில்லை. 1995 முதல் டிஸ்க் பிரேக்கோடு வந்தது. சக்கரத்தின் ஐந்து போல்ட் வட்டம் 114.3 மில்லிமீட்டர், டிஜேக்கும் அதேதான். அகலமும் ஒரு இன்ச் வித்தியாசத்துக்குள். வேறு நிறுவனத்தின் ஆக்ஸில் இவ்வளவு இயல்பாகப் பொருந்துவது அரிது.

ஆனால் கழற்றி மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எக்ஸ்ப்ளோரரின் பட்டை ஸ்பிரிங் தாங்கிகளை அறுத்து எடுத்து, டிஜேயின் காயில் ஸ்பிரிங், லிங்க் எல்லாவற்றுக்கும் பிராக்கெட் வெல்டிங் செய்ய வேண்டும். இதில் பலர் விடும் வேலை ஒன்று உண்டு. 8.8-இன் குழாய்கள் நடுவில் இருக்கும் வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் அழுத்திச் செருகப்பட்டு, சில புள்ளிகளில் மட்டும் பற்றவைக்கப்பட்டவை. 35 இன்ச் டயரின் முறுக்கில் குழாய் கூட்டுக்குள் சுழன்றுவிடும். சுற்றிலும் வெல்டிங் வைக்க வேண்டும். வார்ப்பு என்பதால் முன்சூடு கொடுத்து, நிக்கல் ராடு வைத்து, மெதுவாக ஆறவிடத் தெரிந்தவர் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் ஆறும்போது விரிசல் விடும், குழாய் வளையும்.

பிராக்கெட்டைப் பற்றவைக்கும் முன் பினியன் கோணத்தை, வண்டி அதன் முழு எடையில் நிற்கும்போது, முடிவு செய்யுங்கள். இரட்டை ஜாயின்ட் உள்ள ப்ரொபெல்லர் ஷாஃப்ட் என்றால் பினியன் நேரே டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்க வேண்டும். இது தவறினால் வண்டி 80-இல் நடுங்கிக்கொண்டே இருக்கும், வெல்டிங்கை அறுத்தாலொழிய தீராது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: 8.8-இலும் சி கிளிப்தான். ஷாஃப்ட் தடிமன் என்பதால் உடைவது அரிது, டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் ஓரளவு பிடித்துக்கொள்ளும். முழு நிம்மதி வேண்டுமென்றால் அந்தக் கிளிப்பை நீக்கும் கிட் போடலாம்.

நேரே டேனா 60 போட்டுவிட்டால் கவலையே இல்லையே?

37, 40 டயருக்கு நிச்சயமாக. டேனா 60-இன் கனரக வகைகளில் வண்டியின் எடையை ஷாஃப்ட் சுமக்காது. குழாயின் முனையில் இருக்கும் ஹப் சுமக்கும். ஷாஃப்டின் வேலை சுழற்றுவது மட்டும். உடைந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும், ஷாஃப்டை உருவிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம். (இரண்டாம் உலகப் போரின் சின்ன வில்லிஸ் எம்பி ஜீப்பிலேயே பின் ஆக்ஸில் இந்த வகைதான் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.)

ஆனால் 35 டயருக்கு அது தேவையில்லாத சுமை. முன் டேனா 60 முழுதாக 200 கிலோவுக்கு மேல் வரும். எட்டு போல்ட் சக்கரம் வேண்டும், பழைய 15 இன்ச் ரிம் எல்லாம் வீண். அதோடு டிஃபரன்ஷியல் கூடு பெரியது. டேனா 30-ஐவிட கிரவுனின் ஆரமே 1.3 இன்ச் அதிகம். 29-லிருந்து 35-க்குப் போனதில் ஆக்ஸிலின் அடியில் கிடைத்த உயரம் மூன்று இன்ச். அதில் ஏறக்குறைய பாதியைக் கூடு விழுங்கிவிடும். தரையிலிருந்து டிஃபரன்ஷியலை உயர்த்துவது டயர் ஒன்றுதான், வண்டியின் உடலை உயர்த்தும் லிஃப்ட் கிட் அல்ல. அதற்காகத்தானே இவ்வளவு செலவும்.

கியர் செட்டிங்கை நானே செய்யலாமா?

பொறுமையும் டயல் கேஜும் இருந்தால் செய்யலாம். பினியனின் ஆழம், பேரிங்கின் இறுக்கம், பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான இடைவெளி, மூன்றையும் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்ய வேண்டும். இடைவெளி பொதுவாக 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள். பிறகு மஞ்சள் பூச்சைத் தடவிச் சுற்றி, பல்லில் தடம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்தாறு முறை பிரித்துப் பூட்ட வேண்டிவரும். அதை எரிச்சலில்லாமல் செய்ய முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் முதல் 4.56 செட்டை ஒரு பட்டறையில் கொடுத்துப் போட்டேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே 80-இல் ஊளையிட ஆரம்பித்தது. "ஓட ஓடச் சரியாகும்" என்றார்கள். கியர் சத்தம் ஓட ஓடச் சரியாகாது. மூடியைத் திறந்தபோது தடம் பல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் விழுந்திருந்தது, புதிய பல்லில் தேய்மானம் ஆரம்பித்திருந்தது. புதுச் செட் வாங்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து, யாரிடம் கொடுத்தாலும் தடம் விழுந்த பல்லின் படத்தையும் இடைவெளி அளவையும் எழுதிக் கேட்டு வாங்குகிறேன். நீங்களும் கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதைச் சந்தோஷமாகக் கொடுப்பார்.

புதிய கியரை முதலில் கால் மணி நேரம் மட்டும் ஓட்டி, நன்றாக ஆறவிடுங்கள். சில முறை அப்படிச் செய்யுங்கள். முதல் 800 கிலோமீட்டரில் பாரம் இழுக்க வேண்டாம், அதன் முடிவில் எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

பிரேக், ஸ்டீயரிங், ஸ்பீடோமீட்டர்?

டயர் ஷாஃப்டை முறுக்குவது போலவே பிரேக்கையும் எதிர்த்து முறுக்கும். 35 போட்டால் முன் பக்க டிஸ்க்கைப் பெரிதாக்குங்கள், பின்னால் டிரம் இருந்தால் மாற்றுங்கள். முன் ஆக்ஸிலின் காஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) டிஜேக்கு சுமார் 7 டிகிரி. லிஃப்ட் போட்டால் குறைந்துவிடும், ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. சரிசெய்யக்கூடிய கண்ட்ரோல் ஆர்ம் வேண்டும். ஸ்பீடோமீட்டருக்கு டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் கியரை மாற்றினால் போதும்.

இந்தியாவில் என் ஜீப்பில் இதைச் செய்யலாமா?

பொதுச் சாலையில் ஓட்டும் வண்டி என்றால் கவனம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. தனியார் நிலத்தில், டிரெய்லரில் கொண்டுபோய் ஓட்டும் போட்டி வண்டிகள் வேறு கதை.

தடத்தில் உடைந்தால் கையில் என்ன இருக்க வேண்டும்?

யூ-ஜாயின்ட் பூட்டிய நிலையில் முன் ஷாஃப்ட் இரு பக்கத்துக்கும் ஒன்று. ஹப் நட்டுக்கு 36 மில்லிமீட்டர் சாக்கெட், ஹப்பைப் பிடிக்கும் மூன்று போல்ட்டுக்கு 13 மில்லிமீட்டர் பன்னிரண்டு முனை சாக்கெட். இந்த இரண்டாவது சாக்கெட்டை மறந்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம், சாதாரண ஆறு முனை சாக்கெட் அதில் பிடிக்காது. ஒரு நீண்ட பைப், கந்தல் துணி, ஒரு லிட்டர் கியர் ஆயில். புதிய ஷாஃப்டை மாட்டி ஹப் நட்டை 237 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். தடத்தில் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் பைப்பைப் போட்டு நன்றாக இறுக்கி, வீட்டுக்கு வந்ததும் அளந்து சரிபாருங்கள்.

கையில் காசு குறைவு. எதை முதலில் செய்ய?

கடைசியில் எந்த டயரில் நிற்கப் போகிறீர்கள் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். 33-க்கு ஒரு முறை, 35-க்கு ஒரு முறை என்று கியர் மாற்றியவர்கள் இரண்டு மடங்கு செலவழித்திருக்கிறார்கள். 35 என்றால் பழைய டயரிலேயே ஓட்டிக்கொண்டு 8.8-ஐ வாங்கி வையுங்கள், ஓய்வு நாட்களில் அதில் பிராக்கெட் வேலையையும் 4.56 கியர் போடுவதையும் முடியுங்கள். காசு சேர்ந்ததும் பின்னால் அதையும் முன்னால் டேனா 30-க்கு 4.56 கியரையும் ஒரே வாரத்தில் போடுங்கள். குரோமோலி ஷாஃப்ட் அடுத்து. டயரைக் கடைசியில் வாங்குங்கள்.